இந்த ஊசிக்கு யார் மடி?

பிள்ளையே இல்லாமல் பிள்ளைக்கு ஊசி போட முடியுமா?

முடியாதுதான். ஆனால் போன மாதம் கிள்ளானில், அரசாங்கக் குழந்தைகள் கிளினிக்கில், நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மடியில் டயப்பர் பை. பைக்குள் பால் போத்தல், மாற்றுச் சட்டை, ஒரு கிலுகிலுப்பை. எல்லாம் இருந்தது. பிள்ளை மட்டும் இல்லை.

நடந்தது இதுதான். என் தங்கை மகள் பிரியா, அவளுடைய மகன் கவின், நான் — மூவரும் காலையிலேயே போய் நம்பர் எடுத்துக் காத்திருந்தோம். கவினுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. ஒன்பதாவது மாதத்தில் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை ஊசி இன்னும் போட்டபாடில்லை. அதற்காகத்தான் போனோம். எங்கள் நம்பர் நெருங்கியது. பிரியா திடீரென்று எழுந்தாள்.

"பெரியம்மா, கார் லைட்டை அணைச்சேனான்னு தெரியலை. பார்த்துட்டு வந்துடுறேன்."

"பிள்ளையைக் கொடுத்துட்டுப் போயேன்டி."

"பரவால்லை பெரியம்மா, ஒரு நிமிஷம்தான்."

போனாள். பிள்ளையோடு போனாள். நம்பரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். கடைசியில் மிஸியே — நர்ஸை நாம் மலேசியாவில் அப்படித்தானே கூப்பிடுகிறோம் — கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஆன்டி, நீங்கதானே இந்த நம்பர்? பேபி எங்க?"

"கார்ல..."

"அப்ப ஊசி உங்களுக்கா?"

சுற்றி இருந்த அம்மாக்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு கைக்குழந்தைகூடச் சிரித்தது போல இருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

கார் பார்க்கில் பிரியா ஏர்கானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவின் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். "தூங்கிட்டான் பெரியம்மா. தூங்குற பிள்ளையை எழுப்பி ஊசி போட்டா பாவம் இல்ல? இன்னொரு நாள் வருவோம் லா" என்றாள்.

கார் லைட்டைப் பார்த்தேன். சமர்த்தாக அணைந்துதான் இருந்தது.

இப்போது நீங்கள் என்ன நினைப்பீர்கள்? படிக்காத பெண்ணாக இருக்கும், ஊசிக்குப் பயந்தவளாக இருக்கும் என்றுதானே? அதுதான் இல்லை. பிரியாவுக்கு பேங்கில் வேலை. கடன் கேட்டு வருகிறவர் சொல்லும் கதையில் எது நிஜம், எது ஜோடனை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கவின் பிறந்ததிலிருந்து போட வேண்டிய மற்ற ஊசிகளை எல்லாம் நாள் தவறாமல் போட்டிருக்கிறாள். அவன் அழுதால் இவளும் கொஞ்சம் அழுவாள், அவ்வளவுதான். இந்த ஒரு ஊசி என்றால் மட்டும் கார் லைட் ஞாபகம் வருகிறது!

எனக்குக் குழப்பமாக இருந்தது. குழப்பம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும். உங்களுக்குத்தான் தெரியுமே.

ஒரு விஷயம். அவள் ஒரு தடவைகூட 'வேண்டாம்' என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை, சண்டை போட்டிருக்கலாம். அவள் சொன்னதெல்லாம் 'பிறகு' என்பதுதான். ஒன்பதாவது மாதத்தில் கேட்டதற்கு, "பல்லு முளைக்குது, உடம்பு சூடா இருக்கு, பிறகு போடலாம்." சரி, நியாயம். அதற்கப்புறம், "காது குத்து வருதே பெரியம்மா, ஊசி போட்டுக் காய்ச்சல் வந்துட்டா விசேஷத்துல பிள்ளை சிணுங்கும்." அதுவும் நியாயம்தான் போலிருந்தது. மண்டபம் சொல்லியாயிற்று, சொந்தக்காரர்கள் எல்லோரையும் அழைத்தாயிற்று.

அந்தக் காது குத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிள்ளானில் ஒரு கோயில் மண்டபம். மேளம், வாழை இலைச் சாப்பாடு, கிளம்புகிறவர்கள் கையில் டப்பாவில் ஜாங்கிரி. தாய்மாமன் முகிலன் — பிரியாவின் அண்ணன் — பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் கவின். ஆசாரி ஊசியை எடுத்தார். ஒரு காது. வீல்! இன்னொரு காது. மறுபடியும் வீல்! நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். பிரியா எதிரே நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

முகிலனின் மனைவி சுமதி மட்டும் அன்று மண்டபத்துக்குள் அதிகம் வரவில்லை. அவர்களுடைய மகள் தர்ஷினிக்கு மேளச் சத்தம் ஆகாது. தர்ஷினிக்கு ஏழு வயது. பேச மாட்டாள். ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கே போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையாக வைப்பது அவளுடைய வழக்கம். அன்றும் வைத்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒருவர்கூடச் செருப்பைத் தேடவில்லை — நம் விசேஷங்களில் இது சாதாரண காரியமா?

காது குத்து முடிந்தது. "காதுப் புண் ஆறட்டும்" என்றாள் பிரியா. அந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது.

பிரியா வேலைக்குப் போகும்போது கவினை விட்டுவிட்டுப் போகும் பேபி சிட்டர் அக்கா வீட்டில், இன்னொரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துக் காய்ச்சல். தட்டம்மை. மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். காது குத்துக்காகப் பிரியா லீவ் போட்டிருந்ததால் அந்த வாரம் கவின் அங்கே போகவில்லை. தப்பித்தான். அடுத்த தடவையும் இப்படி ஒரு விசேஷம் வந்து காப்பாற்றுமா?

இதைக் கேட்ட பிறகுதான் நான் குறுக்கே பாய்ந்தேன். "நானே கூட வரேன், கிளம்பு" என்று கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதன் லட்சணத்தைத்தான் மேலே படித்தீர்கள்.

பிரியாவுக்கு யார் இருக்கிறார்கள் சொல்லுங்கள். கணவனுக்குப் பினாங்கில் வேலை, சனி ஞாயிறு வந்தால் உண்டு. "நீயே பார்த்து முடிவு பண்ணு" என்று போனில் சொல்வதோடு அவர் கடமை முடிந்துவிடும். அம்மா, அதாவது என் தங்கை வசந்தா, இப்போது இல்லை. போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. அப்படியானால் அந்த இடத்தில் நான்தானே நிற்க வேண்டும்?

நின்றேன். எப்படி? வாட்ஸ்அப்பில்!

முதலில் அவளைக் கேட்டேன், "ஊசியைப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? வந்ததை எல்லாம் எனக்கு அனுப்பு." அனுப்பினாள். அப்பப்பா! ஒரு குரல் பதிவில் ஓர் அம்மாள், ஊசி போட்ட பிறகு தன் பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோனது என்று அழுதுகொண்டே பேசுகிறார். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. இன்னொன்றில் ஒருவர் பப்பாளி இலைச் சாறு போதும் என்கிறார். மூன்றாவதில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் ஊசியே ஒரு சதி என்கிறார். நான் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். தப்பு எங்கே என்று கண்டுபிடித்துக் கிழிகிழியென்று கிழிப்பதுதான் திட்டம்.

என்ன ஆயிற்று தெரியுமா? கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு பேர் சொல்கிறார்களே... கொஞ்சமாவது இருக்குமோ? என் பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டவள்தான் நான். இருந்தும் சந்தேகம் வந்தது. அந்த அழும் அம்மாளின் குரல் இருக்கிறதே, அது காதைவிட்டுப் போகவில்லை.

"ஏங்க, இதுல ஏதாச்சும் உண்மை இருக்குமா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஊசி போடச் சொல்லி அவளுக்குப் புத்தி சொல்லத்தானே உட்கார்ந்த? இப்ப உனக்கு யாரு சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. அதனால் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பங்சாரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் கிளினிக்குக்குப் போனேன். முட்டி வலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஊசி பற்றிக் கேட்டேன். டாக்டர் சின்னப் பெண். என் கேள்விகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இல்லை ஆன்டி. எத்தனையோ நாட்டுல தேடித் தேடிப் பார்த்துட்டாங்க. என்ன பிரச்சினைன்னா, பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டிய வயசும் இந்த ஊசி போடுற வயசும் ஏறக்குறைய ஒண்ணு. பேச்சு வரலைன்னு கவனிக்கிற நேரத்துல, கடைசியா என்ன நடந்துச்சுன்னு யோசிப்பாங்க. ஊசி ஞாபகம் வரும். காய்ச்சல் வரலாம், லேசாத் தடிக்கலாம், போயிடும். தட்டம்மை வந்தாத்தான் பயப்படணும். நுரையீரலுக்குப் போகும், மூளைக்கும் போகும்."

நான் எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டேன். பிரியாவுக்கு நீளமாக எழுதலாம் என்று எழுந்தேன்.

"ஆன்டி, உங்க தங்கச்சி மகளுக்கு இதுல எதுக்குப் பயம்?" என்று கேட்டாள் டாக்டர்.

"தெரியலையேம்மா."

"கேக்கலையா?"

கேட்கவில்லை! இத்தனை பதில் வைத்திருந்தேன். கேள்வி என்னவென்று எனக்குத் தெரியாது. முட்டி வலிக்கு ஒரு தைலத்தைக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பிரியாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். "எதுக்குடி பயப்படுற?" "பயம்லாம் இல்லை பெரியம்மா, வேலை பிஸி" என்றாள். டாக்டர் சொன்னதை நீளமாக எழுதி அனுப்பினேன். கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. கைகூப்பினால் என்ன அர்த்தம்? சரி என்றா, போதும் விடுங்கள் என்றா?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனை என்று நினைத்துக்கொண்டேன். பிரியா யார் பேச்சைக் கேட்பாள்? அவள் அண்ணி சுமதி பேச்சைக் கேட்பாள். சேலை எடுப்பதானாலும், வேலை மாறுவதானாலும் அண்ணியைக் கேட்காமல் செய்ய மாட்டாள். சுமதியும் ஒரு தாய், நிதானமானவள். அவளை விட்டுச் சொல்லச் சொன்னால் என்ன?

சுங்கை வேயில் இருக்கும் சுமதிக்கு போன் அடித்தேன். "நீ கொஞ்சம் பிரியாகிட்டப் பேசும்மா. பிள்ளைக்கு ஊசி போடாம இழுத்தடிக்கிறா."

"எந்த ஊசி, பெரியம்மா?"

"அதான், தட்டம்மை ஊசி. ஒன்பது மாசத்துல போடுவாங்களே..."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். "ஹலோ? ஹலோ?" என்றேன்.

"இருக்கேன் பெரியம்மா," என்றாள் சுமதி. "மத்த ஊசியெல்லாம் போட்டுட்டாளா?"

"எல்லாம் போட்டுட்டாளே!"

"சரி. ஞாயித்துக்கிழமை நான் வரேன். நீங்களும் வாங்க."

இதுவரை படித்த உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்கு அப்போதுகூடப் புரியவில்லை. அவ்வளவு மக்கு நான்.

ஞாயிற்றுக்கிழமை கோமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். பிரியா வீட்டு வாசலில் என் செருப்பைக் கழற்றுவதற்குள் தர்ஷினி அதை எடுத்து வரிசையில் வைத்துவிட்டாள். சுமதி எனக்கு முன்பே வந்திருந்தாள். பிரியா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். கவின் ஒரு காலில் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும் சப்பாத்தோடு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். இன்னொரு சப்பாத்து எங்கே என்று தெரியவில்லை.

நான் இரண்டாவது தோசையைப் பிட்டபோது சுமதி ஆரம்பித்தாள்.

"பிரியா, கவினுக்கு அந்த ஊசி ஏன் இன்னும் போடலை?"

பிரியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் செத்தேன். ஆனால் எதற்காகச் செத்தேன் என்று தெரியவில்லை.

"போடணும் அண்ணி. போன தடவை தூங்கிட்டான்."

"அதுக்கு முன்னாடி?"

"காது புண்ணு..."

"அதுக்கு முன்னாடி?"

"பல்லு முளைச்சுது..."

சுமதி தட்டைத் தள்ளி வைத்தாள். "நீயாச் சொல்றியா, இல்ல நான் சொல்லவா?"

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். என்ன பேசிக்கொள்கிறார்கள் இவர்கள்?

"தர்ஷினி மாதிரி ஆயிடுவானோன்னு பயம். அதானே?" என்றாள் சுமதி.

பிரியா அடுப்பை அணைத்தாள். இல்லை என்று சொல்லவில்லை. கரண்டியைக் கையில் வைத்தபடியே அழ ஆரம்பித்தாள்.

"அம்மா சொன்னாங்க அண்ணி. ஆஸ்பத்திரியில இருந்தப்போ, என் கையைப் பிடிச்சுக்கிட்டு... உனக்குப் பிள்ளை பொறந்தா அந்த ஊசி மட்டும் போடாதே, அதுதான் தர்ஷினியை இப்படி ஆக்கிடுச்சுன்னு. அண்ணி காதுல போட்டுடாதே, அவ மனசு தாங்காதுன்னு..."

பிட்ட தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். வசந்தாவா? என் தங்கை வசந்தாவா இப்படிச் சொன்னாள்? கல்யாணம் ஆகிப் போகிறவரை என்னோடு ஒரே பாயில் படுத்தவள், கத்தரிக்காய் விலை ஏறினாலும் எனக்கு போன் போட்டுச் சொல்கிறவள், இதை மட்டும் என்னிடம் சொல்லவே இல்லையா? அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. திட்டலாம் என்றால் ஆள் இல்லை. அந்த வேதனையை நான் எங்கே போய்ச் சொல்வேன்!

"எனக்குத் தெரியும்," என்றாள் சுமதி. "என் முன்னாடி யாருமே ஊசின்னு ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. பிள்ளைங்களைப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பீங்க, நான் உள்ள வந்ததும் சாப்பாட்டைப் பத்திப் பேசுவீங்க. எனக்குத் தெரியாதா? நானும்தான் நம்பினேன். என் மடியிலதானே அவளை வச்சு ஊசி போட்டாங்க. நானே கையைப் பிடிச்சுக் கொடுத்தேனேன்னு எத்தனை நாள் அழுதிருப்பேன்."

"அண்ணி..."

"இரு, சொல்லி முடிச்சிடுறேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். ஊசிக்கு முன்னாடியே அவ அப்படித்தான் இருந்தா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஃபேனையே பார்த்துக்கிட்டுக் கிடப்பா. அப்போ நீங்க எல்லாரும் என்ன சொன்னீங்க? எவ்வளவு அமைதியான பிள்ளை, அழவே மாட்டேங்குது, சுமதி குடுத்து வச்சவன்னு சொன்னீங்க. நானும் பெருமையா இருந்தேன்."

சொன்னோம். நானும் சொன்னேன். தொட்டிலை எட்டிப் பார்த்து, திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னதே நான்தான்.

"சரி, அதெல்லாம் விடு," என்றாள் சுமதி. குரல் இப்போதுதான் உடைந்தது. "பேச்சுக்கு ஊசியாலதான்னே வச்சுக்க. பேபி சிட்டர் வீட்டுப் பிள்ளை மாதிரி கவின் ஆஸ்பத்திரியில கெடந்தாலும் கெடக்கட்டும், மூச்சு முட்டினாலும் முட்டட்டும், என் பொண்ணு மாதிரி மட்டும் ஆகக் கூடாது. அப்படித்தானே பிரியா? என் பொண்ணு அவ்வளவு மோசமாவா இருக்கா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? வாரா வாரம் இந்தப் பக்கத்தில் வாய் கிழியப் பேசுகிறேனே, அன்று எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

அந்த நேரம் தர்ஷினி உள்ளே வந்தாள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கவினிடம் போனாள். அவன் காலில் இருந்த ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றினாள். அவனுடைய இன்னொரு சப்பாத்து வாசலில் வரிசையில் ஜோடி இல்லாமல் இருந்திருக்கிறது. அது அவளுக்குப் பொறுக்குமா? எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கவின் அழுவான் என்று பார்த்தால், கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டு அவள் பின்னாலேயே தவழ்ந்து போனான்.

பிரியா அழுகையோடு சிரித்தாள். சுமதி சிரிக்கவில்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா என்கிட்டப் பொய்யா சொன்னாங்க, பெரியம்மா?" என்று கேட்டாள் பிரியா. சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. "உங்கம்மா பொய் சொல்லலைடி. பயந்துட்டா. பேத்தி ஏன் பேசலைன்னு அவளுக்கு ஒரு காரணம் வேணும். அது கிடைச்சுது, பிடிச்சுக்கிட்டா. என்கிட்டக் கேட்டிருந்தா..."

கேட்டிருந்தால் நான் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை. ஒரு குரல் பதிவைக் கேட்டே ஆடிப்போனவள்தானே நான்?

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு அண்ணி," என்றாள் பிரியா. "நீங்க சொல்றது புரியுது. இருந்தாலும் பயமா இருக்கு. அம்மா பேச்சை மீறுற மாதிரி இருக்கு."

"இருக்கும். பயம் போகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா அவனுக்கு மீசையே வந்துடும். பயத்தோடயே வா," என்றாள் சுமதி. அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "காது குத்தும்போது தாய்மாமன் மடியில உட்கார வச்சீங்க இல்ல? இந்த ஊசிக்கு நான் வச்சுக்கிறேன். என் மடியில."

மறுவாரம் நாங்கள் எல்லோரும் போனோம். எல்லோரும் என்றால் நிஜமாகவே எல்லோரும். பிரியா, கவின், சுமதி, தர்ஷினி, நான், டயப்பர் பை. அந்த மிஸி என்னை ஞாபகம் வைத்திருந்தார்.

"ஆன்டி, இந்தத் தடவை பேபியைக் கொண்டாந்தீங்களா?"

நம்பர் வந்தது. பிரியா எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடிக்கத் தயாராக இருந்தேன். முகம் வெளுத்திருந்தது. ஆனால் காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போனோம். மிஸி நாற்காலியைக் காட்டி, "அம்மா யாரு? மடியில வச்சுக்கிட்டு உட்காருங்க" என்றார்.

"நான்தான் அம்மா," என்றாள் பிரியா. "ஆனா அத்தை மடியிலதான் உட்காருவான், மிஸி. எங்க வீட்டு வழக்கம்."

போன வாரம் வரை அப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எந்த வீட்டிலும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சுமதி உட்கார்ந்தாள். கவினை மடியில் வைத்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது — ஏழு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக, இதே நாற்காலியை அல்லவா இவள் மனதுக்குள் சுமந்துகொண்டிருந்தாள்? பிரியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தர்ஷினி சுவரோரமாக நின்று காதைப் பொத்திக்கொண்டாள். கவின் காது குத்தும்போது கத்தியதில் பாதிகூடக் கத்தவில்லை. முடிந்துவிட்டது.

இதற்குத்தானா இத்தனை மாதம்?

ஊசி முடிந்து வெளியே வந்த பிறகும் சுமதி அவனை இறக்கிவிடவில்லை. பிரியா கையை நீட்டினாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்றாள் சுமதி. நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது. இடையில் கவினுக்கு லேசாக உடம்பு சுட்டது. மிஸி முன்கூட்டியே சொல்லியிருந்தும், பிரியா எனக்கு விடாமல் போன் அடித்தாள். காய்ச்சல் விட்டது. இப்போது புதிதாக ஒன்று. எந்நேரமும், "கவின்! கவின்!" என்று கூப்பிட்டு, திரும்புகிறானா என்று பார்க்கிறாளாம். முதலில் திரும்பினான். இப்போது அலுத்துப்போய்த் திரும்புவதே இல்லையாம். பதறிப்போய்ச் சுமதிக்கு போன் போட்டிருக்கிறாள். "இப்படிக் கூப்பிட்டா நான்கூடத் திரும்ப மாட்டேன் லா" என்றாளாம் சுமதி.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. காது குத்துகிற ஊசிக்கு மண்டபம் பிடிக்கிறோம், மேளம் வைக்கிறோம், மடி தேடுகிறோம். நோய் வராமல் காக்கிற ஊசிக்கு மட்டும் ஒரு பெண்ணைப் பிள்ளையோடு தனியாக அனுப்பிவிடுகிறோம். 'நீயே பார்த்து முடிவு பண்ணு.' அவள் தனியாகப் பயப்படுகிறாள். நாம் மனம் நோகக் கூடாதே என்று வாயை மூடிக்கொள்கிறோம். அந்த மௌனத்தில் என்னென்னவோ வளர்ந்துவிடுகிறது. உங்கள் வீட்டிலும் 'பிறகு, பிறகு' என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவளுக்கு எதையும் நீளமாக எழுதி அனுப்பாதீர்கள். கூடப் போங்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேனே. அன்று ஊசி போட்டுவிட்டு எல்லோரும் சிரித்துக்கொண்டே கார் பார்க்குக்கு வந்தோம். பிரியா சாவியைத் திருகினாள். கார் 'க்ளிக்' என்றது, அவ்வளவுதான். மறுபடியும் திருகினாள். மறுபடியும் 'க்ளிக்'. பேட்டரி செத்துக் கிடந்தது.

இந்தத் தடவை அவள் நிஜமாகவே கார் லைட்டை அணைக்க மறந்திருந்தாள்.